எருமையாகிப்போன முதலை

நேற்று மின்தூக்கியில் ஒரு தப்புக் காரியம் செய்துவிட்டேன். எங்கள் அடுக்குமாடியில் பதினொன்றாவது மாடியில் இருக்கும் கவிதா, பதினாறு வயதுப் பெண், செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பரீட்சையில் ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது என்று விசாரித்தேன். பரீட்சை இல்லையாம். ஐந்து பாகமாக வந்த ஒரு மாயாஜாலக் கதையாம். ஐந்தையும் மும்மூன்று தடவை படித்திருக்கிறாளாம். முடிந்தே போயிற்று என்று நினைத்திருந்த கதைக்கு இப்போது ஆறாம் பாகம் வந்திருக்கிறதாம்.

"நல்லதுதானேம்மா?"

"அதே உலகம்தான் ஆண்ட்டி. ஆனா ஆளுங்க எல்லாரும் புதுசு. பழைய ஆளுங்க ஒருத்தர்கூட இல்ல. நானூறு வருஷம் ஆயிடுச்சாம்!"

நான் சிரித்துவிட்டேன். புன்னகை என்றால் சமாளித்திருக்கலாம். மின்தூக்கியில் ஒட்டியிருந்த அறிவிப்புத் தாள் ஆடுகிற அளவுக்குச் சிரித்தேன். கவிதா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏழாவது மாடியிலேயே இறங்கி மீதியைப் படியேறிப் போனாள்.

அந்தப் பெண்ணைப் பார்த்துச் சத்தியமாகச் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு எருமை ஞாபகம் வந்துவிட்டது. எந்த எருமை என்று சொல்வதானால் மலாக்காவுக்குப் போக வேண்டும். மலாக்காவில் காஜா பெராங்குக்கு. அங்கே என் அப்பாவின் முடிதிருத்தும் கடைக்கு. எனக்கு அப்போது வயது பதின்மூன்று.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. உள்ளே நுழைந்தால் பவுடரும் முடி எண்ணெயும் சோப்பு நுரையும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் யாராவது கழுத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கதை கேட்க வேண்டும் போலிருக்கும். காரணம் இருக்கிறது. முடி வெட்ட வரும் பிள்ளைகள் தலையை ஆட்டாமல் இருக்க அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: மதராஸிலிருந்து கப்பலில் வரும் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையை வாங்கிப் போட்டார். நகைச்சுவைக் கதை மட்டும் கூடாது. பிள்ளை குலுங்கிச் சிரித்தால் காது போய்விடும் என்று அந்தப் பக்கங்களைக் கிழித்து, சவரக் கத்தி துடைக்க வைத்துக்கொள்வார். ஆக எனக்கு வாய்த்தது எல்லாம் மாயாஜாலம்தான். பக்கத்துக்குப் பக்கம் யாருடைய தலைமுடியாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் இளவரசிக்கு மீசை முளைத்திருந்தது. இது என்னடா புதுத் திருப்பம் என்று பதறிப்போய்ப் பார்த்தேன்; ஊதினேன்; மீசை பறந்துபோயிற்று.

அந்த இளவரசியின் பெயர் செண்பகவடிவு. அவளுடைய நாடு கவிழ்நாடு. ஒரு பாழுங்கிணற்றில் இறங்கிக்கொண்டே போனால் அந்த நாடு வரும். அங்கே எல்லாம் தலைகீழ். மழை தரையிலிருந்து மேலே பெய்யும். ஆறு மலை ஏறும். பிள்ளைகள் வாத்தியாருக்குப் பரீட்சை வைப்பார்கள். செண்பகவடிவுக்குத் துணையாக வாளப்பன் என்று ஒரு படைவீரன். வாளைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவன். இன்னொரு துணை கரைகண்டான் என்ற முதலை. மாமிசம் சாப்பிடாத முதலை. யாரையாவது சந்தித்தால் "தங்கள் வருகையால் இக்குளம் பெருமை அடைந்தது" என்று தொடங்கித்தான் பேசும். இந்த மூன்று பேரும், நிழல்களைத் திருடுகிற ஒரு சூனியக்காரியை நாற்பது ஐம்பது வாரம் துரத்தினார்கள். நானும் கூடவே துரத்தினேன்.

நான் மட்டும் துரத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. லெச்சி இருந்தாள்.

எங்கள் கடையைத் தாண்டி ஒரு சந்து திரும்பினால் கம்போங் செட்டி, செட்டிகள் குடியிருக்கும் பகுதி. செட்டிகள் என்றால் நம்மைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், பெயரெல்லாம் நம் பெயர்தான். வீட்டில் பேசுவது மட்டும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். ஊடே ஊடே தமிழ்ச் சொல் தலைகாட்டும். ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. லெச்சி அந்தக் கம்போங்கின் பெண். என் வயது, என் உயரம், என்னைவிட இரண்டு மடங்கு பிடிவாதம். ஒரு நாள் கடை வாசலில் நான் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, படத்திலிருந்த முதலையைத் தொட்டு இது யார் என்று கேட்டாள். சொன்னேன். "லெப்பாஸ் தூ?" என்றாள். அப்புறம்? அந்த ஒரு வார்த்தைதான் என் வாழ்க்கையைக் கெடுத்தது.

அன்றிலிருந்து வாரா வாரம் பத்திரிகையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடுவேன். "கடைக்கு ஆள் வர்றதுக்குள்ள கொண்டாந்துரு," என்று அப்பா பின்னாலிருந்து கத்துவார். நான் தமிழில் படித்து மலாயில் சொல்வேன். லெச்சிக்கு மட்டும் சொல்லத் தொடங்கியது, பிறகு அவளுடைய அம்மா, அக்கா பாக்கியம், பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்கள் என்று முன்னறை நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. எல்லாரும் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக, வெற்றிலையை மென்றுகொண்டு, முதலை ஆபத்தில் சிக்கினால் மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். லெச்சியின் அம்மாவை நான் மக்சிக், அதாவது அத்தை என்று கூப்பிடுவேன். அவர் கணவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார், தீபாவளிக்குத்தான் வருவார். வீட்டுத் தீர்ப்பெல்லாம் மக்சிக் கையில். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் சூனியக்காரியே வந்தாலும் மாற்ற முடியாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே நடந்த பேச்செல்லாம் மலாயில் நடந்தது. இங்கே நான்தான் தமிழில் தருகிறேன். என் மொழிபெயர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கதை ஒரு வாரம் முடிந்துபோயிற்று. கரைகண்டான் கிணற்றடியில் நின்று எல்லாருக்கும் வணக்கம் சொல்லி விடைபெற்றது. மக்சிக் அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை. "காசியான்," என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம் என்பதற்கு எங்கள் ஊரில் எல்லா இனத்தாரும் சொல்கிற வார்த்தை அது.

இரண்டு வருஷம் போயிற்று. பத்திரிகையில் வேறு கதைகள் வந்தன. சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் பிடிக்கவில்லை. ஊரில் வேறு விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது, தேதி இன்னது என்று எங்கள் ஊர் பாடாங் மைதானத்தில்தான் முதலில் சொன்னார்கள்; அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டப் பார்த்தார், நான் வளர்ந்துவிட்டேன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கடையில் எந்நேரமும் அரசியல். அந்தச் சமயத்தில் ஒரு இதழின் கடைசிப் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: 'மீண்டும் கவிழ்நாடு! அடுத்த இதழ் முதல்!'

நான் ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு சந்திலேயே கிடந்தது. லெச்சி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மக்சிக் கையெடுத்துக் கும்பிட்டார். சாமியையா, முதலையையா தெரியவில்லை.

இதழ் வந்த அன்று மக்சிக் தேங்காய்ப்பூ தூவிய கோசுய் பலகாரம் ஒரு பெரிய தட்டு நிறைய அவித்து வைத்திருந்தார். முன்னறையில் எட்டு பேர். லெச்சிக்குத் தெரியாததை நான் முன்னாலேயே தெரிந்துகொள்வது நியாயமில்லை என்பதால் எப்போதும் முன்கூட்டிப் படிக்கமாட்டேன். அன்றைக்கும் படிக்கவில்லை. அந்த நேர்மைதான் என்னைக் கவிழ்த்தது. எல்லார் முன்னாலும் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரி இப்படி இருந்தது: செண்பகவடிவு அரசாண்ட காலம் மறைந்து நூறாண்டு கடந்தது.

அடுத்த வரியில், நகரின் நடுவே அவளுடைய கற்சிலை நின்றது. அதற்கடுத்த வரியில், முதலை ஒன்று பேசியதாகப் பழம்பாட்டில் மட்டும் சொல்லப்பட்டது. வாளப்பனைப் பற்றி வரியே இல்லை. மேலே படம்: ஒரு மொட்டைத்தலைப் பையன், குடை ரிப்பேர் செய்கிற ஒரு கிழவி, ஓர் எருமை.

எட்டு முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. லெச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. செண்பகவடிவு செத்துப்போய் நூறு வருஷம் ஆகிறது என்று நான் சொன்னால் முதலில் மக்சிக் அழுவார், பிறகு அந்தத் தட்டு உள்ளே போய்விடும். எது எனக்குப் பெரிதாகப் பட்டது என்று இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இரண்டும்தான்.

"புத்ரி தூங்குறா," என்றேன். புத்ரி என்றால் இளவரசி.

லெச்சி சிலையைத் தொட்டாள். "கல்லாவா தூங்குறா?"

"சாபம்."

"இந்த மொட்டை?"

"வாளப்பன்தான். மாறுவேஷம்."

"ஏன் இவ்வளவு குட்டையா இருக்கான்?"

"பயத்துல சுருங்கிட்டான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். வாளப்பனைத் தெரிந்தவர்களுக்கு அதில் சந்தேகமே வராது. மக்சிக் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தின் ஓரத்தைக் காட்டினார். "அப்ப என் புவாயா எங்கே?"

புவாயா என்றால் முதலை. நான் எருமையின் மேல் விரலை வைத்தேன்.

 மக்சிக் பெருமூச்சு விட்டார். "காசியான். இருந்தாலும் பரவாயில்ல. அது புல்லு திங்கிற முதலைதானே. இனிமே பல்லு வலிக்காது."

பதினான்கு வாரம் இந்தக் கூத்து நடந்தது. மதராஸில் அந்த எழுத்தாளர் ஒரு கதை எழுதினார்; காஜா பெராங்கில் நான் ஒரு கதை சொன்னேன்; இரண்டுக்கும் பொது அந்தப் படங்கள் மட்டும்தான். படம் வரைந்தவர்தான் என் ஜென்ம விரோதி. எருமை குட்டையில் படுத்திருந்தால், கரைகண்டானுக்குப் பழைய ஞாபகம். கிழவி குடை பிடித்தால், சூனியக்காரி கண்ணில் படாமல் இருக்க. ஒன்பதாவது வாரம் அந்த மனிதர் என்னைத் தீர்த்தேவிட்டார். எருமையின் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி நின்றுகொண்டிருந்தது. பால் வேறு குடித்துக்கொண்டிருந்தது.

லெச்சி படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கரைகண்டான் ஆம்பளை இல்ல?"

"தத்து எடுத்திருக்கு," என்றேன். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"நல்ல மனசு," என்றார் மக்சிக்.

இப்படி என் எருமை மகாத்மாவாகிக்கொண்டிருந்த நாளில்தான் பாக்கியம் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ரத்தினம் வாத்தியார். இந்தியாவிலிருந்து வந்து நாலு வருஷம், புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வேலை. மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தவர், பாக்கியம் அக்காவைப் பார்த்ததும் வரிசையை விட்டுவிட்டார். இரண்டு பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று என்று பிறகு அவரே சொன்னார். அக்காவுக்கும் பிடித்திருந்தது என்று லெச்சி என் காதில் சொன்னாள். வாத்தியாரின் மலாய் பஜாரில் கத்திரிக்காய் வாங்குகிற அளவுக்குத்தான். கூட வந்த அண்ணிக்கு அதுவும் இல்லை. ஆகவே பெண் பார்க்க வந்த அன்று மொழிபெயர்க்க ஆள் வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த, நம்பகமான ஆள்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் கால் மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. என்ன சமைப்பாள், எங்கே குடியிருப்பு, இதையெல்லாம் நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிறகு மக்சிக்குக் குஷி வந்துவிட்டது. தமிழ் வாத்தியாரிடம் தாங்களும் தமிழ் விஷயம் தெரிந்தவர்கள்தான் என்று காட்டிக்கொள்ள ஆசை. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "கேளு," என்றார் என்னிடம். "முதலைக்கு எப்ப சாபம் தீரும்னு கேளு. படிச்சவரு, தெரிஞ்சிருக்கும்."

நான் வாத்தியாரைப் பார்த்து, "உங்களுக்கு மீன் பிடிக்குமான்னு கேக்குறாங்க சார்," என்றேன்.

"ரொம்பப் பிடிக்கும். வாரத்துல மூணு நாள் வேணும்," என்றார் வாத்தியார், மலர்ந்த முகத்தோடு.

நான் மக்சிக்கிடம், "இன்னும் மூணு வாரம் ஆகுமாம்," என்றேன்.

மக்சிக்கும் மலர்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். உள்ளே போய், நான் அன்று காலையில் கொண்டுவந்து வைத்திருந்த இதழை எடுத்துவந்து வாத்தியார் மடியிலேயே வைத்துவிட்டார். வாத்தியார் துள்ளாத குறை. "அட! இதை நான் பள்ளிக்கூடத்துல வாரா வாரம் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்!"

மக்சிக் எருமையைத் தொட்டுக் காட்டி, மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல், சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "புவாயா. பாவம்."

வாத்தியார் குழம்பிப்போனார். படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, மலாய் அரைகுறையாகத் தெரிந்தவரின் மிகுந்த மரியாதையோடு, திருத்தினார். "கெர்பாவ்." எருமை.

"கெர்பாவ் இல்ல. புவாயா."

"கெர்பாவ் சாஜா," என்றார் வாத்தியார். வெறும் எருமைதான். அதோடு நிற்காமல் தலைக்கு மேல் இரண்டு கையையும் வளைத்துக் கொம்பு காட்டினார்.

மக்சிக் இரண்டு கைகளையும் நீட்டி முதலை வாய் போலத் திறந்து மூடிக் காட்டினார். வாத்தியார் "ம்மா…" என்று எருமை மாதிரி கத்தினார். பெண் பார்க்க வந்த இடத்தில், வெள்ளை வேட்டியும் சட்டையுமாக. அண்ணி என் கையைக் கிள்ளி, "ஏம்மா, இந்த வீட்ல எல்லாருக்கும் இப்படியா?" என்று கேட்டார். இதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவர்கள் போன பிறகு மக்சிக் தீர்ப்புச் சொன்னார். "அந்த ஆளுக்குத் தமிழே படிக்கத் தெரியல. பதினஞ்சு வயசுப் பொண்ணு படிக்கிறதை வாத்தியார் படிக்க முடியல. இல்ல, தெரிஞ்சே பொய் சொல்றான். முதல் நாளே எருமை விஷயத்துல பொய் சொல்றவன், கல்யாணம் ஆனா வேற எதுல சொல்லமாட்டான்? வேணாம்."

பாக்கியம் அக்கா அடுக்களைக்குப் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினார். ஒன்று முடிந்தது. இரண்டாவதை உடைத்தார். மூன்றாவதையும் உடைத்தார். அன்றைக்குக் குழம்பே இல்லை. எதற்கும் தேங்காய் தேவையில்லை. துருவுகிற சத்தம் மட்டும் முன்னறை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நைசாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். சிரிப்பாகச் சொல்கிறேன் இப்போது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கட்டிவிட்ட எருமை ஒரு நல்ல பெண்ணின் கல்யாணத்தை மிதித்துவிட்டது.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக மக்சிக்கிடம் போனேன். அவர் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தார். ஒப்பித்துவிட்டேன், ஒரே மூச்சில். எருமை எருமைதான். மொட்டை வேறு யாரோ ஒரு பையன். கன்றுக்குட்டி அதன் சொந்தக் கன்றுக்குட்டி. வாத்தியார் சொன்னது அத்தனையும் சரி.

மக்சிக் சாரோங்கைக் கையில் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப என் புவாயா?"

"செத்துப்போச்சு மக்சிக். நூறு வருஷம் ஆச்சு."

"நல்லபடியா போச்சா?"

"அதைப் பத்தி ஒண்ணும் போடல."

அவர் திரும்பித் துணியைக் கொடியில் போட்டார். ஒரு சாரோங்கை மூன்று தடவை உதறினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நாளைக்கு லெச்சியைக் கூட்டிக்கிட்டுப் போ. அந்த மனுஷன்கிட்ட நீயே சொல்லு. தமிழ்ல சொல்லு. ஒரு வார்த்தையும் மாத்தாம."

பேருந்தில் லெச்சி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி வழியில் அவளாகவே சொன்னாள்: "எனக்கு மூணாவது வாரமே தெரியும்."

"எப்படி?"

"முன்னாடியெல்லாம் நீ படிக்கிறப்ப உன் கண்ணு எழுத்து மேல ஓடும். இப்ப கூரையைப் பார்த்துக்கிட்டே சொன்னே."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சொன்னா நீ நிறுத்திடுவியே."

பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீள அறை. ரத்தினம் வாத்தியார் எங்களைப் பார்த்ததும் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். மனிதர் வாடியிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. லெச்சி பக்கத்தில் நின்று, தமிழ் புரியாவிட்டாலும், நான் எங்கேயாவது கூரையைப் பார்க்கிறேனா என்று கவனித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் வாத்தியார் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அம்மாடி. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லம்மா. காலையில வந்து கரும்பலகையில 'எருமை'ன்னு எழுதி எழுதிப் பார்க்குறேன். ஒருவேளை நம்ம ஊர்ல எருமைங்கிறது இங்கே வேறயோன்னு."

கரும்பலகையை எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பதினேழு பதினெட்டு எருமைகள் இருந்தன. ஒரு கெட்டிக்காரப் பிள்ளை ஓரத்தில் படமும் போட்டிருந்தது.

திரும்பப் புறப்பட்டபோது அவர் கூப்பிட்டார். கொஞ்சம் தயங்கினார். "அது சரி, உன் கதையில அந்த முதலைக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் வந்தார். மக்சிக் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கோசுய் கொடுத்து, என்னைப் பார்த்து, "சொல்லு," என்றார்.

"எது மக்சிக்? நிஜக் கதையா?"

"உன் கதை. நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்றது? மாப்பிள்ளையும் கேட்கட்டும்."

மாப்பிள்ளை என்ற சொல்லை அவர் தமிழிலேயே சொன்னார். அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் சட்டென்று நின்றது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். ரத்தினம் வாத்தியார் கையில் அந்த வார இதழ் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் அதைத் திறக்கவே இல்லை. நடுவில் ஒரு இடத்தில் அவரையும் மீறி, கத்திரிக்காய் வாங்குகிற மலாயில், "லெப்பாஸ் தூ?" என்றார். மக்சிக் அவரைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தார். கல்யாணம் அந்தத் தலையசைப்பில் முடிந்தது. மேளம் தட்டியதெல்லாம் பிறகு.

அவர்கள் செமாபோக்கில் குடியேறினார்கள். நான் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன், லெச்சி சிங்கப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். மக்சிக் வீட்டு முன்னறையில் எட்டு பேர் உட்காருவதில்லை, உட்கார ஆளில்லை. பத்திரிகை எப்போதோ நின்றுவிட்டது. பத்திரிகை நின்ற வாரம் எது என்றுகூட எனக்குத் தெரியாது. ஏனென்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதைப் படிப்பதையே நிறுத்தியிருந்தேன். படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போய்க் கதை விட்டுக்கொண்டிருந்தேன்.

ரத்தினம் வாத்தியார் எல்லா இதழ்களையும் வரிசையாகத் தைத்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது சொன்னார்: "அந்த மொட்டைப் பையன் நல்ல பையன்மா. நீ அவனுக்கு ஒரு வாய்ப்பே கொடுக்கல. எடுத்துட்டுப் போய்ப் படியேன்." அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனேன். சாப்பிட்டோம், சிரித்தோம், பெட்டியைத் திறக்கத் தோன்றவில்லை. வாத்தியாரும் பாக்கியம் அக்காவும் போனபின் பிள்ளைகள் வீடு மாறினார்கள். விசாரித்தேன். பெட்டி இருக்கிறது, உள்ளே கரையான் மண்தான் இருந்தது என்றார்கள்.

கவிதாவைப் போலவே பழையவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் அந்தப் பையனுடைய பெயரைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்து வைக்கவில்லை. அவன் கிணற்றுக்குள் எதற்காக இறங்கினான், கிழவி யாருக்காகக் குடை தைத்தாள், அந்த எருமை யாருடையது, ஒன்றும் தெரியாது. எழுதியவருக்குத் தெரியும்; அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. புக்கிட் ரம்பாயில் வாரா வாரம் அந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைக்குத் தேடிப் போய்க் கேட்கலாம் என்றால், அவர்களில் ஒருவர் பெயரையும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.